புது பெல்ட்டை அறுத்தவர்

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கையெழுத்தும் மளிகைச் சீட்டும்தான். மறதியும் வந்துவிட்டது. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. எழுதச் சொன்னது எங்கள் மாடியில் குடியிருக்கிற பெண். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. ஓசூரிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் பெங்களூருக்குப் போய்க் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு வருகிறாள். போன மாதம் ஒரு நாள் முகம் வாடி வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னம்மா என்று கேட்டேன்.

"அடியில ஓடுறது கெர்னல்னு ஒண்ணு இருக்கும்மா. அதைப் புதுசா மாத்தியாச்சு. மேல ஓடிட்டிருந்த பழைய புரோகிராம் பூரா படுத்துட்டு. அதையெல்லாம் எழுதுன ஆளுங்க இப்ப இல்ல. அதுங்க கீழ இருந்து என்னத்த எதிர்பார்த்து ஓடுச்சுன்னே தெரியல. ஒண்ணொண்ணா நான்தான் ஓட வைக்கணும். ஓடுனா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஓடலன்னா எல்லாரும் கேப்பாங்க."

அவள் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. மற்றப் பாதியை நான் முன்பே ஒருவர் வாயால் கேட்டிருக்கிறேன். அவரைப் பற்றிச் சொன்னேன். மறுநாள் ஒரு நோட்டு வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டாள்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. ஷெட்டில் மெஷின்களைப் பழுது பார்த்தவர். எங்களுக்கு அவர் பிட்டர். முதலாளிக்கும் பிட்டர்தான். சேலத்துக்காரர் என்று சொல்வார்கள். ஒல்லியாக, தோள் முன்னால் வளைந்து, எப்போதும் எதையோ தூக்கிக்கொண்டு வருபவர் மாதிரி நடப்பார். கை வெறுங்கையாக இருக்கும்போதும் அப்படித்தான் நடப்பார். காதில் ஒரு சாக்கட்டித் துண்டு செருகியிருக்கும்.

நான் வேலை பார்த்தது பாகலூர் ரோட்டில் இருந்த ஒரு பட்டு நூல் ஷெட். வருஷம் அறுபத்தேழா அறுபத்தெட்டா, சரியாக நினைவில்லை. எங்கள் அப்பாவுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் கல் உடைக்கிற வேலை. ஒரு கல் விழுந்து வலது கை போய்விட்டது. எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள். வீட்டில் வேலைக்குப் போன ஆள் நான் ஒருத்திதான்.

ஷெட்டில் நாங்கள் பன்னிரண்டு பெண்கள். ஆளுக்கொரு வெந்நீர்த் தொட்டி. அதை பேசின் என்போம். பட்டுக்கூட்டை வெந்நீரில் போட்டு இழையின் முனையைப் பிடிக்க வேண்டும். ஏழெட்டுக் கூட்டின் இழைகளைச் சேர்த்து ஒரே நூலாக மேலே சுற்றுகிற ராட்டைக்கு அனுப்ப வேண்டும். ஒரு கூடு தீர்ந்துபோனால் அந்த இடத்தில் இன்னொரு கூட்டின் முனையை வீசி ஒட்ட வைக்க வேண்டும். வீசுகிற நேரம் தப்பினால் நூல் மெலிந்து அறுந்துவிடும். ஓசூர்க் குளிரில் வெந்நீர் சுகமாக இருக்கும் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். எங்கள் விரல்கள் சாயங்காலம் ஊறிப்போய்ப் புழு மாதிரி வெளுத்திருக்கும். சோறு பிசைந்தாலும் வெந்த கூட்டின் வாடைதான் வரும்.

எனக்குப் பக்கத்து பேசின் லட்சுமக்காவுடையது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களைத் திட்டுவதற்குத் தமிழ். பிட்டரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அவளுடைய குழாய் விஷயம்.

பேசினுக்கு வெந்நீர் வருகிற பழைய குழாய்கள் இற்றுப்போய்விட்டன. முதலாளி புதிதாகப் பன்னிரண்டு வாங்கிப் போட்டார். பழைய குழாயை இடது பக்கம் திருகினால் மூடும். புதியதை இடது பக்கம் திருகினால் திறக்கும். லட்சுமக்கா இருபது வருஷப் பழக்கத்தில் மூடுகிறேன் என்று திருகினாள். கொதிநீர் கையில் கொட்டிவிட்டது.

"பாத்துத் திருக வேணாமா? கண்ணு எங்க போச்சு?" என்று முதலாளி கத்தினார்.

பிட்டர் கைக்கு வாழைச்சாறு பிழிந்து விட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "கையத் திட்டாதீங்க மொதலாளி. கை இங்க இருபது வருசமா இருக்குது. கொழாய்தான் நேத்து வந்துது. நேத்து வந்ததுதான் கத்துக்கணும்."

மூன்று நாள் உட்கார்ந்து பன்னிரண்டு குழாயையும் கழற்றி, உள்ளே எதையோ மாற்றி, இடது பக்கம் திருகினால் மூடுகிற மாதிரி செய்துவிட்டார். அதுதான் அவர் குணம். புதிதாக எது வந்தாலும் அது பழையவர்களுக்குத் தலைவணங்கி உள்ளே வர வேண்டும். தனக்கும் அதே சட்டத்தை வைத்திருந்தார். வந்த புதிதில் லட்சுமக்காவிடம் உடைந்த தெலுங்கில்தான் பேசுவார்.

"ஏமய்யா பிட்டரு, உன் தெலுங்கக் கேட்டா என் எருமகூடப் பால் தராது. தமிழ்லயே பேசு."

"நான்தானக்கா புதுசு. நான்தான் கத்துக்கணும்."

"கத்துக்கறவரைக்கும் நாங்கல்ல செத்துக்கிட்டிருக்கோம்!"

அவர் சிரிப்பார். சத்தமில்லாத சிரிப்பு. தோள் மட்டும் இரண்டு தரம் குலுங்கி நிற்கும்.

இனி மோட்டார் வந்த கதை.

ஷெட்டின் கூரைக்கடியில் ஒரு நீளமான இரும்புத் தண்டு சுற்றும். அதிலிருந்து எல்லா ராட்டைக்கும் பெல்ட்டு இறங்கும். அந்தத் தண்டைச் சுற்ற வைத்தது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஆயில் இன்ஜின். பொக், பொக் என்று புகை விட்டுக்கொண்டு ஓடும். நான் பிறப்பதற்கு முன்னாலேயே வந்த இன்ஜின் என்பார்கள். எங்கள் பக்கம் கரண்டு வந்ததும் முதலாளி கரண்டு மோட்டார் வாங்கிவிட்டார். இன்ஜினை யாரோ கிணற்றுக்குத் தண்ணீர் இறைக்க வாங்கி ஞாயிற்றுக்கிழமையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்த பித்தளைத் தகட்டில் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று எழுதியிருக்குமாம். அந்தக் கணக்கைப் பிட்டர் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மோட்டாரும் தண்டை அதே வேகத்தில் சுற்றும்படி கப்பியை லேத்தில் கடைந்து மாட்டினார். பெங்களூரிலிருந்து வந்த புது பெல்ட்டையும் போட்டார்.

திங்கட்கிழமை காலையில் மோட்டாரைப் போட்டார்கள். புகை இல்லை, அதிர்வு இல்லை. முதலாளி மோட்டாருக்குக் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார். நாங்கள் கையை வெந்நீரில் விட்டோம். சாப்பாட்டு மணிக்குள் பன்னிரண்டு பேசினிலும் நூல் அறுந்து அறுந்து கந்தலாகிவிட்டது. ஒருத்திக்கும் முனை ஒட்டவில்லை. வீசினால் தண்ணீரில் விழுகிறது, இல்லை பக்கத்து நூலில் போய்ச் சிக்குகிறது. என் கை என்னுடையதாகவே இல்லை.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. முதலாளி நடு ஷெட்டில் நின்று சொன்னார்: "சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். நூலு முன்ன மாதிரி வரலேன்னா இந்தப் பழைய பேசின எல்லாம் கழட்டி எறிஞ்சிட்டு மைசூர்லேர்ந்து புது மெஷினு நாலு எறக்கிடுவேன். நாலு மெஷினுக்கு நாலு பொண்ணு போதும். அதுவும் பதினஞ்சு பதினாறு வயசு. உங்களுக்கெல்லாம் கை கெட்டுப்போச்சு."

பன்னிரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பாவின் மழுங்கிய கையும் தங்கைகள் இருவரும் கண்ணில் வந்து நின்றார்கள்.

"கை கெட்டுப்போவல மொதலாளி," என்றார் பிட்டர். "கீழ மாத்தினோம். மேல இருக்கிறவங்களுக்கு அது தெரிஞ்சிடுச்சு. தெரியாத மாதிரி மாத்தியிருக்கணும். தப்பு என்னுது."

அன்றும் மறுநாளும் அவர் பட்டுக்கூட்டு மூட்டையில் உட்கார்ந்து எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அசதியில் கண் சொருகும்; மறுபடியும் விழித்துப் பார்ப்பார். யாராவது கேட்டால், "பித்தளையில இருந்த கணக்கத்தானே வெச்சேன்?" என்பார். தனக்குத்தானே கேட்கிற மாதிரி இருக்கும்.

எனக்கு ஆண்களிடம் பேசிப் பழக்கமில்லை. அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் எனக்கு ஒன்று தெரியும். வேலை செய்யும்போது நான் மனசுக்குள் ஜெபமாலை சொல்வேன். இன்ஜின் ஓடின காலத்தில் மாதாவின் மந்திரம் ஒன்று முடிவதற்குள் மேலே பெல்ட்டில் 'டப்' என்று எட்டுத் தரம் கேட்கும். எட்டாவது டப்பில் ஆமென். வருஷக்கணக்கில் அப்படித்தான். இப்போது ஆமென் போய் எங்கேயோ விழுந்தது; ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

புதன்கிழமை மத்தியானம் லட்சுமக்காவின் காதில் சொன்னேன். அவள் ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"ஏமய்யா, இங்க வா! இந்த ஊமைக்கு வாய் வந்திருச்சு. சாமி கும்பிட்டா எட்டு தரம் டப்புங்குமாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தொட்டிக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது. அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, "அந்த மந்திரத்தச் சொல்லும்மா. எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லு," என்றார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கோயிலில் ஜெபங்களின் வார்த்தைகளை மாற்றியிருந்தார்கள். இனிமேல் புதியதைத்தான் சொல்ல வேண்டும் என்று சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லியிருந்தார். பயத்தில் புதியதையே ஆரம்பித்துவிட்டேன். இரண்டு வார்த்தையில் நின்றேன்.

"இது இல்லண்ணா. கைக்குப் பழசுதான் தெரியும்."

"பழசையே சொல்லு. சாமியார்கிட்ட நான் சொல்ல மாட்டேன்."

பெல்ட்டில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். நான் உதட்டுக்குள் மந்திரம் சொன்னேன். அந்தக் கோடு எத்தனை தரம் சுற்றி வருகிறது என்று அவர் எண்ணினார். எண்ணிவிட்டு இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். இன்னொரு தரம். பதினொன்று வந்தது. எட்டு வர வேண்டிய இடத்தில் பதினொன்று.

சாக்கட்டியை மறுபடி காதில் செருகிக்கொண்டார். பிறகு சொன்னார்: "பித்தள பொய் சொல்லல. அது பொறந்த அன்னைக்கு எழுதினது. அப்புறம் அந்த இன்ஜின் கெழடாகி மெதுவா ஓடினத யாரும் அதுல எழுதல. உங்க கை மட்டுந்தான் எழுதி வெச்சிருந்துது. நான் தகட்டப் போய்ப் படிச்சேன் பாரு."

அன்றைக்கே கப்பியை மறுபடி லேத்துக்குக் கொண்டுபோய் இன்னும் சிறிதாகக் கடைந்து வந்தார். வியாழக்கிழமை என்னை நிறுத்தி வைத்து மந்திரம் சொல்லச் சொல்லி எண்ணினார். எட்டு. சரியாக எட்டு. எல்லோரும் வெந்நீரில் கையை விட்டோம். நூல் அறுவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. சாயங்காலமும் ஆளுக்கு ஒரு கைப்பிடி கந்தல் நூல் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் லட்சுமக்கா கூட்டைத் தண்ணீரில் எறிந்துவிட்டுச் சொன்னாள்: "வேகம் சரிதான்யா. ஆனா செவிட்டு வூட்டுல வேலை செய்யிற மாதிரி இருக்குது. எப்ப வீசணும்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"முன்ன யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல."

"அப்ப எப்பிடி வீசினீங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. எங்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த மூட்டையில் உட்கார்ந்தார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். திடீரென்று என் பக்கம் திரும்பி, "ஆரோக்கியம், எட்டு டப்புன்னியே. அந்த டப்பு இப்ப எங்க?" என்றார்.

இல்லை. நான்கு நாளாக அது இல்லை. வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை; அந்தச் சத்தமே இல்லை. பழைய பெல்ட்டு ஒரு இடத்தில் வெட்டித் தோல்வாரால் தைத்தது. அந்தத் தையல் ஒவ்வொரு சுற்றிலும் கப்பியில் ஏறும்போது டப் என்று அடிக்கும். அந்த டப்பில்தான் நாங்கள் வீசியிருக்கிறோம். இருபது வருஷம் வேலை செய்த லட்சுமக்காவுக்கே அது தெரியாது. புது பெல்ட்டில் தையலே கிடையாது. பாம்பு மாதிரி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

பிட்டர் மோட்டாரை நிறுத்தினார். தோல் அறுக்கிற கத்தியை எடுத்தார். புது பெல்ட்டைக் குறுக்கே அறுத்தார்.

ஒருத்தி "ஐயோ" என்றாள். அவர் இரண்டு நுனியையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஊசியால் துளை போட்டு, மூலையில் கிடந்த பழைய பெல்ட்டின் வாரை உருவி அதே மாதிரி தைத்தார். தைத்ததில் பெல்ட்டு கொஞ்சம் குட்டையானதால் மோட்டாரை நாலு விரற்கடை நகர்த்தி முடுக்கிக்கொண்டிருக்கும்போது முதலாளி வந்துவிட்டார்.

"ஏனய்யா இது! தையல் இல்லாத பெல்ட்டு வேணும்னு பெங்களூர்லேர்ந்து வரவழைச்சேன். கிழியாத துணிக்கு ஒட்டுப் போட்டு வெச்சிருக்கியே, உனக்குப் பைத்தியமா?"

"ஆமாங்க."

"என்ன ஆமாங்க?"

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பாருங்க. நூல் அறுந்தா இவங்களோட சேத்து என்னையும் அனுப்பிடுங்க."

சனிக்கிழமை மோட்டாரைப் போட்டதும் மேலே 'டப்' என்றது. ஒரு மூச்சு விட்டு மறுபடி 'டப்'. எனக்கு அழுகை வந்துவிட்டது. கை தானாகவே போயிற்று. கூடு தீர்ந்தது, முனை எடுத்தேன், டப், வீசினேன், ஒட்டியது. எட்டாவது டப்பில் ஆமென். லட்சுமக்கா ஏதோ தெலுங்குப் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள். அந்த வாரம் முழுவதும் அவள் பாடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சாயங்காலம் முதலாளி ராட்டையிலிருந்து கழற்றிய நூல் கழிகளை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாக முடிச்சு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பன்னிரண்டு பேரும் ஈரக் கையைப் புடவையில் துடைக்காமல் நின்றோம். கடைசிக் கழியையும் மாட்டிவிட்டுப் பிட்டரைக் கேட்டார்:

"இதுக்கா ஆறு நாளு? முன்ன எப்பிடி வந்துதோ அப்பிடியேதானே வருது? இதுல நீ என்னத்த செஞ்சே?"

"ஒண்ணும் செய்யலீங்க மொதலாளி."

தோள் இரண்டு தரம் குலுங்கியது. மைசூர் மெஷின் பேச்சை முதலாளி அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அதற்குப் பின் ஷெட்டில் எது மாறினாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். புதுப் பாய்லர் வந்தபோது, தண்ணீர் பழைய சூட்டில் வருவதற்கு அவர் எங்கோ ஒரு வளைவு வைத்தார். ராட்டைக்குப் புதுப் பல்சக்கரம் வந்தபோது நடுவில் ஒரு மரக்கட்டை வைத்தார். ஒன்றைச் சரிக்கட்ட வைத்ததை இன்னொன்றுக்காகச் சரிக்கட்ட வேண்டிவரும். எது எதற்காக வைத்தது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதனால் காய்ச்சல் என்றாலும் அவரால் வீட்டில் படுக்க முடியாது. ஒரு நாள் துணி சுற்றிய தலையோடு நடுங்கிக்கொண்டு வந்தார். "ஏண்ணா, வூட்டுல படுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அந்த வாரத்துக்குப் பிறகு அவரிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும்.

"புதுசு செய்யிறவனுக்கு ஒரு வேலைம்மா. அதப் பழசோட ஒட்ட வெக்கிறவனுக்குப் பன்னெண்டு வேலை," என்றார். "நல்லா ஒட்டினா ஒருத்தருக்கும் தெரியாது. ஒட்டலேன்னா பன்னெண்டு பேருக்கும் தெரியும். நீங்க ஒருத்தரும் என்னத் தேடாத நாளுதான் எனக்கு நல்ல நாளு. அந்த மாதிரி நாளு வந்தா நான் என்ன நெனப்பேன் தெரியுமா? இனி நான் எதுக்குன்னு நெனப்பேன்."

ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ கழித்து அவர் வரவில்லை. உடம்பு முடியாமல் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். புதிதாக வந்த பிட்டர் இளவயது, சுத்தமான ஆள். முதல் நாளே மேலே பார்த்து, "என்ன இது, டப்பு டப்புன்னு அடிக்குது? புது பெல்ட்டு போட்டுடறேன்," என்றார். பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினோம். நானும் கத்தினேன். அவர் பயந்துபோய் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார்.

சில சமயம் எனக்கு வேறு மாதிரியும் தோன்றும். அவர் எங்களுக்கு நல்லதுதான் செய்தார். ஆனால் எங்கள் கை எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியில்லாமல் செய்துவிட்டார். மோட்டார் வந்து எட்டு வருஷம் கழித்து ஷெட்டை மூடினபோது மற்ற ஷெட்டுப் பெண்கள் புது மெஷினில் போய் உட்கார்ந்தார்கள். எங்களால் முடியவில்லை. அங்கே டப் என்று சொல்வதற்கு யாரும் இல்லை. அதற்குள் என் தங்கைகள் இருவருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது, அப்பாவும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த எட்டு வருஷம் அவர் அறுத்துத் தைத்துக் கொடுத்தது. அதற்கு மேல் ஒரு மனிதரிடம் என்ன கேட்பது?

மாடிப் பெண் இதை வாசித்துவிட்டு டைப் அடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்கு ஒரு வேலை வைக்கிறேன். லட்சுமக்காவின் மகள் பாகலூரில் இருப்பதாகக் கேள்வி. அம்மா சொன்னதெல்லாம் அவளுக்கு நினைவிருக்கலாம். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் விசாரிக்க வேண்டும். பெல்ட்டை அறுத்தது வெள்ளிக்கிழமைதானா, வியாழக்கிழமையா? சாக்கட்டிக் கோடு வந்தது பதினொன்றா, பன்னிரண்டா? இதெல்லாம் தப்பாக இருந்தால் திருத்திவிடலாம். இன்னொன்றையும் கேட்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஈரக் கையோடு நின்ற பன்னிரண்டு பேரில் யாராவது ஒருத்தி அவரிடம் போய், "நல்லா இருங்கண்ணா" என்று ஒரு வார்த்தை சொன்னாளா? நான் சொன்னதாக எனக்கு நினைவில்லை. யாராவது சொல்லியிருந்தால், மாடிப் பெண் அதை இந்த இடத்தில் எழுதிச் சேர்த்துவிடட்டும்.